கேன்டீன் வால்வுக்கு ரெண்டு பூட்டு

டங். டங். டங்.

கேட்கிறதா அண்ணாச்சி? பொறுங்கள், இன்னொரு தடவை வரும். டங். இதோ. அது மெஷின் சத்தம் இல்லை. நீராவிக் குழாயை ஸ்பேனரால் தட்டுகிற சத்தம். தட்டுகிறவன் பெயர் இஸ்ரவேல். எங்கள் ஆலையின் ஃபிட்டர். 'நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், போகவில்லை' என்று எனக்குச் சொல்கிறான். எங்களுக்குள் பேச்சு நின்றுபோய்விட்டது, அதனால் குழாய் வழியாகச் சொல்கிறான். பதில் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமா? இந்தக் கேட் கம்பியில் என் சாவியால் ரெண்டு தட்டு. அவனுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் என்ன, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

நீங்கள் உட்காருங்கள். அந்தக் கத்தரியை மட்டும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பூட்டு வெட்டுகிற கத்தரி என்று தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பேச முடியவில்லை, ஆட்டுக்கு முன்னால் அரிவாளை வைத்த மாதிரி இருக்கிறது. ஆமாம், நீங்கள் வெட்ட வந்த ரெண்டு பூட்டில் ஒன்று என்னுடையது. கோமதிநாயகம். வால்வு ஆபரேட்டர். பூட்டுக்கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டு விட்டிருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான், சரி, மனுஷன் ஞாயிற்றுக்கிழமைக் கடையை அடைத்துவிட்டு வந்து தனியாக உட்கார்ந்திருப்பாரே, போய்ப் பேச்சுத்துணைக்கு இருப்போம் என்று வந்தேன். இந்த மஞ்சள் கோடு தெரிகிறதா? இதைத் தாண்டினால் வெளி. என் கால் கட்டைவிரல் கூடத் தாண்டாது. தாண்டினால் நீங்கள் கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடலாம். அதுதான் சட்டம்.

என்ன சட்டம் என்கிறீர்களா? சொல்கிறேன். உங்களுக்கும் தொழில் பூட்டுதான், புரியும்.

இது பாமாயில் சுத்தம் பண்ணுகிற ஆலை. உள்ளே எங்கே பார்த்தாலும் குழாய், குழாய்க்குக் குழாய் வால்வு. எண்ணெய் போகிறது, வெந்நீர் போகிறது, நீராவி போகிறது. ஒரு குழாயைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும் என்றால் முதலில் நான் போய் வால்வை மூடுவேன். மூடுவது என்றால் வீட்டுக் குழாயை மூடுகிற மாதிரி இல்லை. மெதுவாக, உள்ளே தூங்குகிறவன் முழித்துவிடக்கூடாது என்கிற மாதிரி மூட வேண்டும். மூடி, குழாய்க்குள் மிச்சம் நிற்பதை வடிய விட்டு, வால்வுச் சக்கரத்தில் சங்கிலி போட்டு, சங்கிலியில் பல துளை உள்ள கொண்டி மாட்டி, கொண்டியில் என் பூட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். வேலை பார்க்கிற ஃபிட்டர் தன் பூட்டை அதே கொண்டியில் பூட்டி, தன் சாவியைத் தான் வைத்துக்கொள்வான். எத்தனை பேர் வேலை பார்க்கிறார்களோ அத்தனை பூட்டு. அத்தனையும் கழன்றால்தான் வால்வு திரும்பும். அவனவன் பூட்டை அவனவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. பூட்டின ஆள் ஆலைக்கு வெளியே போய்விட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் வெட்டலாம். நல்ல சட்டம். உள்ளே ஒருத்தன் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தன் வந்து ஆவியைத் திறந்துவிட்டால், கையா வரும்? கறிதான் வரும்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது எங்கள் பாதுகாப்பு அதிகாரி மேடம். வகுப்பு எடுத்தார்கள். எல்லாவற்றையும் நன்றாகத்தான் சொன்னார்கள். முடிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்கள் பாருங்கள், அதுதான் வினை. "கடைசிப் பூட்டை எடுக்கிறவர் கையிலதான் எல்லாரோட உயிரும் இருக்கு" என்றார்கள். நாங்கள் பயப்பட வேண்டும் என்றுதான் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. கோயில் கொடையில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று மண்டை உடைகிறதே, அது மாதிரி ஆகிவிட்டது. கடைசிப் பூட்டு எவன் பூட்டோ அவன் பெரிய ஆள். அன்றையிலிருந்து இந்த ஆலையில் ஒருத்தனும் முதலில் பூட்டை எடுக்க மாட்டான். "நீரு எடும் வே", "நீரு எடும்", "மூத்தவரு நீரு இருக்கும்போது நான் எப்படி" என்று ஒரே உபசாரம். எலக்ட்ரீஷியன் ஒருத்தர் கடைசிப் பூட்டை எடுத்துவிட்டு வந்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார் என்று கேள்வி. பூட்டுக்குச் சந்தனம் வைக்கிறவன் இருக்கிறான். பித்தளைப் பூட்டுதான் கௌரவம் என்று கைக்காசு போட்டு வாங்கினவன் இருக்கிறான், உங்கள் கடையில்தான் வாங்கியிருப்பான்.

நான் அப்படி இல்லை. எனக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. என் பூட்டில் இருப்பது கொஞ்சம் குங்குமம், அவ்வளவுதான். அதுவும் முத்தாரம்மன் குங்குமம்.

டங்.

கேட்டேன், கேட்டேன். இருக்கட்டும்.

நியாயத்தைச் சொல்லுங்கள் அண்ணாச்சி. வேலை முடிந்தால் முதலில் பூட்டை எடுக்க வேண்டியவன் யார்? ஃபிட்டர். 'என் வேலை முடிந்தது, ஸ்பேனரை எடுத்துவிட்டேன், ஆள் விலகிவிட்டேன்' என்று அவன் எடுக்க வேண்டும். பிறகு ஆபரேட்டர் நான் எடுத்து வால்வைத் திறக்க வேண்டும். திறக்கிறவன் கடைசியில் எடுப்பதுதானே முறை? இஸ்ரவேல் என்ன சொல்கிறான் தெரியுமா? "குழாய்க்குள்ள போனது என் கை. உம்ம கை வெளியில காத்து வாங்கிக்கிட்டு நின்னுது. அதனால என் பூட்டுதான் கடைசி." கொஞ்சம் நியாயமாகவும் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

முன்பெல்லாம் நாங்கள் இப்படி இல்லை. இந்த ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே நானும் அவனும் இங்கே மண் சுமந்தவர்கள். வால்வுக்குப் பெயர் தெரியாத காலத்தில் ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். மத்தியானம் ஒரே இடத்தில்தான் சாப்பாடு. அவன் வீட்டு நண்டு எனக்கு, எங்கள் வீட்டு அவியல் அவனுக்கு. அதெல்லாம் இருக்கட்டும். அதைச் சொல்ல நான் வரவில்லை.

சண்டை எப்படி வந்தது என்றா? கொள்கைச் சண்டை அண்ணாச்சி. பாதுகாப்புக் கொள்கை.

இல்லை, அந்த போட்டோ விஷயம் காரணம் இல்லை. உங்களிடம் யார் சொன்னது? வாட்ச்மேனா? அவன் வாயை முதலில் பூட்ட வேண்டும்.

சரி, கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு பூட்டோடும் ஒரு அட்டை தொங்கும். 'ஆபத்து, இவர் வேலை செய்கிறார், திறக்காதே' என்று எழுதி, கீழே பூட்டின ஆளின் போட்டோ. எல்லாருக்கும் போட்டோ எடுத்த வாரம் நான் திருச்செந்தூரில் முடி இறக்கிவிட்டு வந்திருந்தேன். மொட்டை, மீசையும் இல்லை, மேலே சந்தனம் வேறு. மேடத்திடம் கேட்டேன், முடி வளர்ந்ததும் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று. "முகம் தெரியுதுல்ல, போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த அட்டையைக் கொண்டுபோய் முதல் தடவையாக மாட்டுகிறேன், இஸ்ரவேல் பக்கத்தில் நிற்கிறான். பார்த்தான். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "என்ன வே, புதுவீட்டு வாசல்ல திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரில்லா இருக்கு" என்றான். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றையிலிருந்து என் பெயர் பூசணி. கன்ட்ரோல் ரூமிலிருந்து மைக்கில் கூப்பிடுகிறார்கள், "பூசணி அண்ணாச்சி உடனே பாய்லருக்கு வரவும்." புதிதாகச் சேர்ந்தவன் ஒருத்தன் என் உண்மையான பெயரே பூசணி என்று நினைத்து, கல்யாணப் பத்திரிகையில் 'உயர்திரு பூசணி அவர்கள்' என்று எழுதிக் கொடுத்தான். போனேன், மொய் எழுதும்போது அதே பெயரில்தான் எழுதினேன், இல்லாவிட்டால் யார் என்று தெரியாதே.

அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அன்றே மறந்துவிட்டேன்.

முந்தாநாள் காலையில் கேன்டீனுக்குப் போகிற நீராவிக் குழாயில் ஒரு ஜாயின்ட் ஒழுகியது. எங்கள் கேன்டீனில் இட்லி வேகிறது அந்த ஆவியில்தான். நான் வால்வை மூடினேன், பூட்டினேன். இஸ்ரவேல் அவன் பூட்டை மாட்டினான். கேஸ்கட்டை மாற்றினான், போல்ட்டை முடுக்கினான், எழுந்தான், கையைத் துடைத்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"எடும்" என்றேன்.

"நீரு எடும்" என்றான்.

"வேலை முடிஞ்சவன்தான் முதல்ல எடுக்கணும்."

"மொட்டையா இருக்கவங்க முதல்ல எடுக்கலாம், தப்பில்ல."

இப்போது முடி எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள் அண்ணாச்சி. சீப்பு உடைகிறது. இதைப் பார்த்து ஒருத்தன் மொட்டை என்றால் நான் என்ன செய்ய? உட்கார்ந்துவிட்டேன். குழாய்க்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். கேன்டீன் இசக்கியம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "மாவு பொங்கி வழியுது, ஆவி எங்க?" என்றாள். நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டினோம். அவள் எங்களை ஒரு வார்த்தை சொன்னாள். அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் கடை வைத்திருக்கிற மனுஷன்.

அன்றிலிருந்து ஆலைக்கே மூன்று வேளையும் கேஸ் அடுப்பு உப்புமா. முதல் நாள் பொறுத்தார்கள். நேற்று ஆபரேட்டர்கள் ஒரு கட்சி, ஃபிட்டர்கள் ஒரு கட்சி. எவனோ என் பூட்டுக்கு ஒரு மல்லிகைச் சரம் சுற்றிவிட்டான். மத்தியானத்துக்குள் அவன் பூட்டுக்கு ரோஜா மாலை. பேக்கிங் பக்கத்து ஆட்கள் எந்தக் கட்சியும் இல்லை, அவர்கள் உப்புமாத் தட்டோடு வந்து எங்கள் முன்னால் நின்று, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றுவிட்டுப் போனார்கள். சாபம் விடுகிற மாதிரி மென்றார்கள்.

மேனேஜர் வந்தார். "ரெண்டையும் வெட்டு" என்றார். மேடம் குறுக்கே வந்து, "சார், பூட்டினவங்க ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க. வெட்டக்கூடாது" என்றார்கள். மேனேஜர், "அப்ப அவங்களை வெளியே அனுப்புங்க" என்றார். வாட்ச்மேன் என் கையைப் பிடித்தான். நான் குழாயைப் பிடித்தேன். அந்தப் பக்கம் இஸ்ரவேலும் அதே குழாயைப் பிடித்தான். "நீராவி லைன் பக்கத்துல ஆளை இழுக்கக்கூடாது சார், அதுவும் நம்ம சட்டம்தான்" என்றார்கள் மேடம். சொல்லும்போது அவர்களுக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது. மேனேஜர் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "உங்கள்ல எவன் கேட்டைத் தாண்டுறானோ அவன் பூட்டை வெட்டுவேன். எவன் பூட்டு வெட்டுப்படுதோ அவன் இனிமே வால்வு பக்கம் வரக்கூடாது. டின் கழுவுற இடத்துக்குப் போகட்டும்."

டின் கழுவுவது கேவலம் என்று சொல்லவில்லை அண்ணாச்சி. ஆனால் இந்தச் சக்கரங்களை விட்டுவிட்டு நான் எங்கே போக? ஒவ்வொன்றும் எத்தனை சுற்றில் பிடிக்கும், எது இறுகும், எது மூடின பிறகும் கொஞ்சம் கசியும் என்று என் கைக்குத் தெரியும். இஸ்ரவேலுக்கும் அப்படித்தான். அதனால் ஷிஃப்ட் முடிந்தும் அவனும் வீட்டுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. நான் கன்ட்ரோல் ரூம் பெஞ்சில், அவன் ஒர்க்‌ஷாப் மேஜையில். அவன் தூங்கவே இல்லை. எப்படித் தெரியும் என்றால், நான் போய்ப் பார்த்தேன். பாதுகாப்புக்காகத்தான். மேஜையிலிருந்து உருண்டு விழுந்துவிடக்கூடாதே. ஒரு பக்கமாகப் படுத்து இருமிக்கொண்டே இருந்தான். பழைய கோணிப்பை ஒன்று கிடந்தது, கால்மாட்டில் போட்டுவிட்டு வந்தேன். கோணிப்பை வழியில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள் அல்லவா, அதற்காக.

சாப்பாடா? வீட்டிலிருந்து கேட்டுக்கு வருகிறது. என் வீட்டுக்காரி செண்பகமும் அவன் வீட்டுக்காரி எஸ்தரும் இதே பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி ஆரம்பித்தால் இன்னொருத்தி முடிப்பாள். 'இதுகளை உள்ளேயே கதவடைச்சு வச்சுட்டா நமக்கு நிம்மதி' என்று சிரிக்கிறார்கள். நேற்று என் கேரியரைத் திறந்தால் நண்டு. இஸ்ரவேல் வீட்டு நண்டு. பெண்பிள்ளைகள் கேரியரை மாற்றிவிட்டிருக்கிறார்கள், வேண்டுமென்றே. கொள்கை வேறு, நண்டு வேறு என்று சாப்பிட்டேன். அவன் அவியலைச் சாப்பிட்டானா என்று வாட்ச்மேனிடம் விசாரித்தேன். வழித்து நக்கினானாம். சாப்பிடட்டும், எனக்கென்ன.

இன்றைக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

அவன் மகள் ஜெபராணி இருக்கிறாள். அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, இஸ்ரவேலுக்கு முதல் பேரன். இன்றைக்கு சர்ச்சில் ஞானஸ்நானம். மருமகன் கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருக்கிறானோ. அப்பாவுக்குப் பதிலாகத் தாத்தாதான் பிள்ளையை ஏந்திக்கொண்டு போய்ப் போதகர் கையில் கொடுக்க வேண்டும். காலையில் எஸ்தர் பட்டுச்சேலையோடு கேட்டில் வந்து நின்றாள். வெள்ளைச் சட்டை, வேட்டி ஒரு பையில். "வாங்க, போவோம். ஆராதனை ஆரம்பிச்சுருவாங்க" என்றாள். அவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பையை வாங்கிக்கொண்டான். வரவில்லை. "அவரு எடுக்கட்டும், வாரேன்" என்றான். அவர் என்றால் நான்! பேரனை ஏந்த இவன் போவதற்கு நான் பூட்டை எடுக்க வேண்டுமாம்! எஸ்தர் என்னைப் பார்த்தாள். "அண்ணே" என்றாள். அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அவன் எடுக்க வேண்டியதுதானே? ஒரு பூட்டுதானே? சாவி இடுப்பில் இருக்கிறது, ஒரு திருகு. பிடிவாதம் பிடித்தவன். பிள்ளை பெரியவனாகி, 'தாத்தா, என் ஞானஸ்நானத்துக்கு ஏன் வரவில்லை' என்று கேட்டால் இவன் என்ன சொல்வான்? 'இட்லி வால்வைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன் மக்கா' என்பானா? இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று யோசித்து யோசித்து எனக்குக் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. உப்புமா கூட.

என்ன அண்ணாச்சி, என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறீர்கள்? நான் எடுத்தால் என்ன என்கிறீர்களா? நான் எடுத்தால் முறை என்ன ஆவது? நாளைக்கு எல்லா ஆபரேட்டரும் என்னைக் கேட்பார்கள். உங்களுக்கு ஆலையைப் பற்றித் தெரியாது, அதனால் சொல்கிறீர்கள்.

பொறுங்கள்.

சத்தம் வரவில்லை.

கவனித்தீர்களா? இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம், டங் என்று ஒன்று கூட வரவில்லை. பின்பக்கக் கேட் வழியாகப் போய்விட்டானா? போயிருந்தால் நல்லதுதான், அவன் பூட்டை வெட்டலாம், நான் ஜெயித்தேன். இல்லை, போயிருக்க மாட்டான். ஆவி லைன் பக்கம் தனியாக... நேற்றெல்லாம் இருமல் வேறு. எழுந்திருங்கள். இந்த ஹெல்மெட் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள், தொப்பி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வார் தாடைக்குக் கீழே. கத்தரியை எடுக்க வேண்டாம், அது இங்கேயே கிடக்கட்டும். வாருங்கள், சும்மா வால்வைக் காட்டுகிறேன். வெட்டப்போகிறவர் வெட்டப்போகிற பூட்டைப் பார்க்க வேண்டாமா?

இப்படி வாருங்கள். அந்தக் குழாயைத் தொடாதீர்கள், சுடும். வெள்ளை உறை சுற்றின குழாய் எல்லாம் சுடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உஷ். நில்லுங்கள்.

அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தலையில் ஹெல்மெட் இல்லை, எங்கே வைத்திருக்கிறான் பார்த்தீர்களா? கையில். மல்லாக்கப் பிடித்து, உள்ளே துண்டை மடித்துப் போட்டு, ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருக்கிறான். நடக்கிறான். நாலு எட்டு வைக்கிறான், குனிந்து கொடுக்கிறான், ஒருத்தரும் இல்லாத இடத்தில் கொடுக்கிறான். திரும்பவும் ஆரம்பத்துக்கு வருகிறான். தலைப்பக்கம் இடது முழங்கையில் வர வேண்டும் என்று சரிபண்ணிக்கொள்கிறான் பாருங்கள். நாற்பது கிலோ வால்வைத் தூக்குகிற கை, ஹெல்மெட்டைக் கண்ணாடி மாதிரி பிடித்திருக்கிறது.

அண்ணாச்சி, எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இந்த வகைப் பூட்டை எப்படி மாட்டுகிறோம், எப்படிக் கழற்றுகிறோம் என்று உங்களுக்கு யாராவது காட்டினார்களா? காட்டவில்லை அல்லவா? பூட்டுக்கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டாமா? நான் ஒரு செய்முறை விளக்கம் காட்டுகிறேன். செய்முறை விளக்கம் வேறு, பூட்டை எடுப்பது வேறு. மேடம் வகுப்பில் கூட எத்தனையோ தடவை பூட்டி எடுத்துக் காட்டினார்கள், அது கணக்கா? இப்படி வாருங்கள். கிட்டே வாருங்கள், மல்லிகை மேலே படாமல்.

இது கொண்டி. இது என் பூட்டு. சாவியை இப்படி விட்டு, இப்படித் திருகினால்... கேட்டதா? 'க்ளிக்'. இப்படி வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவுதான். விளக்கம் முடிந்தது.

"அண்ணாச்சி, அந்த ஆளு கையில இருக்கிறது என்னன்னு கேளுங்க."

பார்த்தீர்களா, உங்களைத்தான் கேட்கிறான். என்னோடு பேச மாட்டான். நீங்கள் சொல்ல வேண்டாம், நானே உங்களுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிடுகிறேன்.

"அண்ணாச்சி, நான் பூட்டை எடுக்கல. உங்களுக்குச் செய்முறை காட்டுதேன். இது ஒரு விளக்கம், அவ்வளவுதான். இது கணக்குல வராது."

"விளக்கமா?"

"விளக்கம்தான்."

"முழு விளக்கமா, பாதி விளக்கமா?"

"முழுசாத்தான் காட்டியிருக்கேன்."

என்ன யோசிக்கிறான்? ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். இடுப்பைத் தடவுகிறான். புது வேட்டி, சாவியை எங்கே செருகினான் என்று அவனுக்கே தெரியவில்லை. இதோ எடுத்துவிட்டான்.

"அண்ணாச்சி, அவரு காட்டுனது ஆபரேட்டர் பூட்டு. ஃபிட்டர் பூட்டு எப்படிக் கழட்டுறதுன்னு உங்களுக்குத் தெரியாதுல்லா? நானும் ஒரு விளக்கம் காட்டிருதேன். நல்லாப் பாத்துக்கிடுங்க."

க்ளிக்.

ரெண்டு பேரும் விளக்கம்தான் காட்டியிருக்கிறோம் அண்ணாச்சி, நீங்கள் சாட்சி. யாரும் பூட்டை எடுக்கவில்லை. மேனேஜர் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். மேடம் கேட்டாலும்.

"இப்ப என்ன வே நின்னுக்கிட்டு இருக்கீரு? ஓடும்! ஆராதனை முடிஞ்சிரப்போவுது!"

"லைன்ல ஆள் இல்ல, ஸ்பேனர் இல்ல. ஜாயின்ட் நாலு போல்ட்டும் முடுக்கியாச்சு. திறக்கலாம்."

"தெரியும் வே. போம்."

"நீரும் வாரும். வாட்ச்மேன் பைக் தருவான்."

"வால்வைப் பாதியில விட்டுட்டு எவன் வருவான்? போம், போம்."

ஓடுகிறான் பாருங்கள், வேட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு. இன்னொரு கையில் என்ன? ஐயோ, ஹெல்மெட்டை அப்படியே ஏந்திக்கொண்டு போகிறான்! உள்ளே துண்டு வேறு. "வே! ஹெல்மெட்டை வச்சுட்டுப் போம்! வே!" கேட்கவில்லை. கேட்டைத் தாண்டிவிட்டான். சர்ச்சில் போதகர் ரெண்டு பிள்ளை என்று நினைத்து ரெண்டுக்கும் தண்ணீர் தெளிக்கப்போகிறார்.

நல்லது. போகட்டும்.

நீங்கள் நேர் எதிரே நிற்காதீர்கள் அண்ணாச்சி, இப்படிப் பக்கவாட்டில் வாருங்கள். வால்வு திறக்கும்போது அதன் முகத்துக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ரெண்டு நாள் குளிர்ந்து கிடந்த குழாய், உள்ளே தண்ணீர் நிற்கும். ஆவியைச் சட்டென்று விட்டால் அந்தத் தண்ணீரை வாரிக்கொண்டு போய்ச் சம்மட்டி மாதிரி அடிக்கும். குழாய் முழுக்கக் குதிக்கும். அதனால் முதலில் கீழே இந்த வடிகாலைத் திறந்துவிட வேண்டும். வடியட்டும். பழுப்பாகத்தான் வரும், துரு.

இப்போது மேலே. ஒரு மயிரிழை. சக்கரம் திரும்பினதே தெரியக்கூடாது. குழாய்க்கு ஆவி வருகிற சேதி மட்டும் தெரிந்தால் போதும். நில்லுங்கள். கையை வைக்க வேண்டாம், நான் பார்த்துச் சொல்கிறேன். இந்தப் பக்கம் சூடு வந்துவிட்டது. அந்த முனை இன்னும் வரவில்லை.

இசக்கியம்மா அங்கிருந்து எட்டிப்பார்க்கிறாள். "வருதா, வரலையா?" என்கிறாள். வரும், அவசரப்படாதே, மாவைக் கலக்கி வை என்று சொல்லுங்கள். நான் சொன்னால் கரண்டியை எறிவாள்.

இன்னும் கொஞ்சம். வடிகாலில் தண்ணீர் நின்று சுத்தமாக ஆவி வருகிற வரைக்கும் நான் இங்கேயேதான் நிற்க வேண்டும். நேரமாகும். நீங்கள் கிளம்புங்கள் அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் தேடுவார்கள். தொப்பியைக் கேட்டில் கொடுத்துவிடுங்கள். கத்தரியை மறந்துவிடாதீர்கள், பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது.

நேராகப் போய் வலது பக்கம். நான் இன்னொரு கால் சுற்றுத் திறக்க வேண்டும்.